குறுக்கப்பட்ட வரலாறு: மூலநிரற் பதிவேடுகள் பற்றிய ஒரு நோக்கு

கிடைத்த ஆவணங்களுள் மிகப் பழையதையே நிகழ்ச்சியின் தொடக்கமாகக் கொண்டுவிடுதல் வரலாற்றாய்விலே நேரக்கூடிய தவறுகளுள் ஒன்றாகும். ஏடுகள், சாசனங்கள் தொடர்பாகப் பெரிதும் பேசப்படும் இத்தவறு, கணனி மென்பொருளின் மூலநிரலில் நிகழும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடுகளிலும் நேர்கின்றது.

1972 இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவான எஸ்.சி.சி.எஸ்., 1980களின் தொடக்கத்தில் பேர்டூ பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்.சி.எஸ். ஆகியன ஒவ்வொரு கோப்பின் மாற்றங்களையும் தனித்தனியே பதிந்தன. 1986 இல் தோன்றிய சி.வி.எஸ். முறையும் இவ்வழியையே பின்பற்றிற்று. ஆதலின், வேண்டிய பகுதியை மட்டும் பெற்று வேலைசெய்தல் இவற்றில் எளிதாயிருந்தது. ஆயின், பல கோப்புகளில் ஒருங்கே செய்யப்பட்ட மாற்றத்தை ஒரே செயலாகக் காட்டும் ஆற்றல் இவற்றுக்கு இருக்கவில்லை.

2005 ஏப்பிரலில் லினஸ் ரோவால்ட்ஸ் ஆக்கிய கிற் முறை இக்குறையை நீக்கியது. அதில் ஒவ்வொரு பதிவும் மூலநிரல் முழுவதன் நிலையையும் தனக்கு முந்திய பதிவின் அடையாளத்தையும் தாங்கியுள்ளது. இவ்விரண்டிலிருந்தும் பதிவின் அடையாளம் கணிக்கப்படுவதால், பழைய பதிவொன்றை மாற்றினால் அதன் வழிவந்த பதிவுகள் யாவற்றின் அடையாளங்களும் மாறிவிடும். வரலாற்றின் நம்பகத்தன்மைக்கு அரணான இவ்வமைப்பே அதனைத் துண்டாடுதற்குத் தடையாயும் அமைந்தது.

எனினும், கிற் முறையின் முதற் பெரும் களஞ்சியமே குறுக்கப்பட்ட வரலாற்றுடன்தான் தொடங்கிற்று. லினக்ஸ் கருவின் மாற்றங்கள் 2002 முதல் பிற்கீப்பர் என்னும் முறையிற் பதியப்பட்டு வந்தன. 2005 ஏப்பிரல் 16 இல் புதிய களஞ்சியத்தைத் தொடங்கிய ரோவால்ட்ஸ் அப்பதிவுகளைச் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 3.2 கிகாபைற்று இடம் தேவைப்படும் என்பது அவர் கூறிய காரணம். பிறந்து சில நாட்களேயான கருவிக்கு அது பெருஞ்சுமை என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், 1991 முதல் பலர் எழுதிய வரிகள் யாவும் அக்களஞ்சியத்தில் ஒரே நாளில் ஒருவரால் எழுதப்பட்டனவாகத் தோன்றுகின்றன. பிற்காலத் திருத்தக் குறிப்புகள் பலவும் பழைய வழுக்களின் பிறப்பிடமாக அம்முதற் பதிவையே சுட்டுகின்றன. முந்திய வரலாறு வேறிடத்திற் பேணப்பட்டுள்ளது. இணைத்துப் பார்க்கவும் முடியும். ஆயினும், அஃது உண்டென அறிந்தவருக்கே அது பயன்படும்.

2007 இல் வெளிவந்த கிற் 1.5, அண்மைய பதிவுகளை மட்டும் பெறும் வசதியை எல்லோர்க்கும் அளித்தது. அத்தகைய பிரதியிலிருந்து பிறருக்கு மாற்றங்களை அனுப்புதற்கு இருந்த தடை 2014 இல் வெளிவந்த 1.9 ஆம் பதிப்பிலேயே நீங்கிற்று. இன்றும் இரு கிளைகளின் பொது மூதாதை வெட்டப்பட்ட பகுதியில் இருப்பின், அவற்றைச் சரிவர இணைத்தல் இயலாது. 2010 முதல் கோப்புகளிற் சிலவற்றை மட்டும் விரித்து வைக்கவும் வழியுண்டு. இங்கு வரலாறு குறையாவிடினும் பார்வை குறைகின்றது. ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றுபவர், விரிக்கப்படாத கோப்புகளில் அது பயன்படுவதைக் காணாது விடலாம்.

இடமும் நேரமும் கருதி வரலாற்றைக் குறுக்குதல் தவிர்க்கவியலாதது. கிற் தனது குறுகிய பிரதியில் வெட்டிய இடத்தைக் குறித்துவைக்கின்றது. வேண்டும்போது எஞ்சியதைப் பெறவும் இடமளிக்கின்றது. அக்குறிப்பை நோக்காது எல்லையைத் தொடக்கமெனக் கொள்பவர், ஒருவரது உழைப்பையும் தவற்றையும் மற்றொருவருக்கு உரித்தாக்கிவிடுவர்.