பேச்சால் குணமாக்குவது: தென்னாற்காட்டிலிருந்து சில குறிப்புகள்

அமாவாசை அன்றைக்கு விழுப்புரம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுகளில் மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் நிற்கும். அதில் போகிற எல்லாரும் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க மட்டும் போவதில்லை. "தூங்க மாட்டேங்குது, தனக்குத்தானே பேசுது" என்று வீட்டில் ஒருத்தரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் மனநோய்க்கு வைத்தியம் என்றால் பல தலைமுறைகளாக முதல் நிறுத்தம் அதுதான்.

பேயோட்டும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தால், அதுவும் ஒரு பேச்சுதான். "நீ யாரு? எங்க புடிச்ச? என்ன வேணும்?" என்று பூசாரி கேட்பார். பதில் வரும். தென்னாற்காட்டில் களஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபொகோவ் 2000-ல் வெளியிட்ட 'ரிலிஜன் அகெய்ன்ஸ்ட் தி செல்ஃப்' நூலில் இந்தச் சடங்குகளை விரிவாகவே எழுதியிருக்கிறார். அங்கே பேசுவது அந்தப் பெண் இல்லை, பேய். அவளுக்கு இருக்கும் குறையும் கோபமும் செத்துப்போன யாரோ ஒருவனின் பெயரில்தான் வெளியே வரும். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்பார்கள்.

சைக்கோதெரபி இதை அப்படியே திருப்பிப் போட்டது. அறைக்கதவு மூடியிருக்கும். சொந்தக்காரர் யாரும் இல்லை. பேசுகிறவர் தன் பெயரிலேயே பேசலாம். 1895-ல் வியன்னாவில் ப்ராயரும் ஃப்ராய்டும் வெளியிட்ட நூலில் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்ததே ஒரு நோயாளிதான். 1922-ல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்தார்.

இதெல்லாம் நம்ம பக்கம் வந்து சேர ரொம்ப நாள் ஆனது. மெட்ராஸில் 1794-லேயே மனநோயாளிகளுக்கான விடுதி இருந்தது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. ஆனால் அது அடைத்து வைக்கும் இடமாகத்தான் ஜனங்கள் மனதில் பதிந்தது. இன்றைக்கும் 'கீழ்ப்பாக்கம்' என்றால் ஊர்ப்பெயர் இல்லை, வசவு. பேசிக் குணமாக்கும் வேலைக்கு ஆட்களைத் தயார்செய்வது பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் வந்த பிறகுதான் ஒழுங்காகத் தொடங்கியது. அதுதான் இன்றைய நிம்ஹான்ஸ்.

ஆக, கோயிலோ கீழ்ப்பாக்கமோ, நாம் எப்பவும் கேட்ட கேள்வி "எங்க கொண்டுபோய் விடலாம்?" என்பதுதான். "யார்கிட்ட? அவர் என்ன படிச்சவர்?" என்று கேட்டுப் பழகவே இல்லை. அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது தூரத்து ஊர் என்று நாம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. 2023 பிப்ரவரியில் நம் மாவட்டத்துக் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். துன்புறுத்தல் புகார்கள் எழுந்தன, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. காணாமல்போன ஒருவரைத் தேடும் விவகாரம் உயர்நீதிமன்றம் போன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

சரி, யாரிடம் போவது? 2017 மனநலச் சட்டம் வரையறுக்கிறவர்களில் இரண்டு பேரைப் பார்ப்போம். ஒருவர் மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதலாம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். இன்னொருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பு, பெரும்பாலும் எம்.ஏ.வுக்குப் பிறகு 2 வருட முழுநேர எம்.ஃபில். மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகுவது அந்தப் படிப்பிலேயே சேர்ந்தது. மருந்து எழுதமாட்டார். இவருடைய பதிவை அந்தக் கவுன்சிலின் தளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்' என்று போர்டு வைக்கிறவர்களில் சைக்காலஜி எம்.எஸ்.சி., எம்.எஸ்.டபிள்யூ. படித்து நல்ல பயிற்சி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்பு முடித்தவர்களும் இருக்கிறார்கள். போர்டைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் இதை ஒழுங்குபடுத்த வந்ததுதான், ஆனால் அது முழுசாக நடைமுறைக்கு வரும்வரை நாம்தான் கேட்க வேண்டும். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தால் அது மருத்துவமா பிஎச்.டி.யா என்று கேளுங்கள். எங்கே பயிற்சி எடுத்தார், யார் மேற்பார்வையில்? எந்த முறையில் சிகிச்சை தருகிறார், சுமாராக எத்தனை முறை வரவேண்டும், கட்டணம் எவ்வளவு? நான் சொல்வது வெளியே போகுமா? உயிருக்கு ஆபத்து மாதிரியான விதிவிலக்குகளை நல்லவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். தன்னால் முடியாததை இன்னொருவரிடம் அனுப்புவாரா என்றும் பாருங்கள்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. "மூணே சிட்டிங்கில் கேரண்டி" என்கிறவர். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர். நீங்கள் சொன்னதை உங்கள் மாமியாரிடம் ஒப்பிக்கிறவர். தொட்டுப் பேசுகிறவர், சொந்த வியாபாரத்தில் உங்களை இழுக்கிறவர். படிப்பைப் பற்றிக் கேட்டதற்கே ஒருவர் கோபப்பட்டால், அதுவே பதில்.

விழுப்புரம்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஜிப்மரும் எட்டும் தூரம்தான். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் டெலி மனஸ் எண் 14416. ராத்திரி பகல் எப்போதும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கோயிலுக்குப் போகாதீங்கன்னு நான் சொல்ல வரல. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சில வாரம் தங்கிய மனநோயாளிகளின் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்ததை 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வே பதிவு செய்தது. கூட வந்தவர் பக்கத்திலேயே இருந்த இடம் அது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போங்க. வெள்ளிக்கிழமை தெரபிக்கும் போங்க. பேய் பெயரில் சொன்னதை ஒரு தடவையாவது சொந்தப் பெயரில் சொல்ல ஒரு இடம் வேணும். கேட்கிறவர் அதற்காகவே படித்தவராக இருக்கணும், அவ்வளவுதான்.