பூங்காக் கல்வியும் அதன் மௌனமும்

வெளிக்களப் பொழுதுபோக்கு, ஓய்வியல், பூங்கா முகாமைத்துவம் ஆகியன இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களிற் பட்டப்படிப்புக்குரிய துறைகளாக விளங்குகின்றன. பொழுதுபோக்கினையும் பல்கலைக்கழகத்திற் கற்பிப்பதா என வியப்போர் உளர். ஆயின் இத்துறை பொழுதினை மட்டும் பற்றியதன்று, நிலத்தினைப் பற்றியதுமாகும். ஒரு நிலம் எவருக்குரியது என்னும் வினா அதன் அடித்தளத்திலேயே அமைந்துள்ளது. இத்துறை பெரிதும் உருப்பெற்ற ஐக்கிய அமெரிக்காவில், யொசெமிற்றிப் பள்ளத்தாக்கினை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலிபோர்ணியாவிற் பொன் தேடி மக்கள் திரண்ட காலத்தில், 1851ஆம் ஆண்டு, மரிபோசாப் படைப்பிரிவு இப்பள்ளத்தாக்கினுட் புகுந்து அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களை வெளியேற்ற முற்பட்டது. 1864இல் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட சட்டம், பொதுமக்களின் பயன்பாட்டிற்கென அதே நிலத்தைக் கலிபோர்ணிய மாநிலத்திடம் கையளித்தது. அடுத்த ஆண்டிற் பிரெடெரிக் லோ ஒம்ஸ்ரெட் அதுபற்றி அறிக்கையொன்று வரைந்தார். இயற்கை வனப்பைச் செல்வர் தமக்கென அடைத்துக்கொள்ளாது, யாவரும் துய்க்குமாறு காப்பது அரசின் கடமை என்பது அவர் வாதமாகும். அவ்வறிக்கை அக்காலத்தில் ஒதுக்கப்பட்டு, 1952இலேயே வெளியாயிற்று. எனினும் அதிற் பொதிந்த சனநாயகக் கருத்தே பிற்காலப் பூங்காக் கல்வியின் உயிர்நாடியாயிற்று. அக்கருத்துக் கூறிய 'யாவரும்' என்பதனுள் அவானீச்சியர் அடங்கினரா என்பதே இங்கு எழும் வினா.

1900இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கலைக்கான பாடநெறி தொடங்கிற்று. 1916இல் தேசியப் பூங்காச் சேவை நிறுவப்பட்டது. 1925இல் ஹரல்ட் பிரையன்ற் முன்னின்று யொசெமிற்றியில் இயற்கை வரலாற்றுக் களப்பள்ளியொன்றைத் தொடக்கினார். நூலறிவோடு அமையாது, மாணவர் நடந்து திரிந்து செடியையும் பறவையையும் பாறையையும் நேரிற் கண்டு கற்றனர். பூங்காவைப் பிறருக்கு விளக்கியுரைக்கவும் பயின்றனர்.

இரண்டாம் உலகப்போரின் பின் மோட்டார் வாகனமும் சம்பளத்துடனான விடுமுறையும் பெருகவே, பூங்காக்களில் மக்கள் நெரிசல் மிகுந்தது. 1958இற் காங்கிரசு அமைத்த வெளிக்களப் பொழுதுபோக்கு வளங்கள் மீளாய்வு ஆணைக்குழு, 1962இல் தன் அறிக்கையினை 27 ஆய்வுத் தொகுதிகளோடு வெளியிட்டது. நடத்தல், நீந்தல், வாகனத்தில் உலாவுதல் முதலிய எளிய செயல்களையே மக்கள் பெரிதும் நாடுகின்றனர் என அது கண்டது. இதன்பின் இத்துறையிற் பல்கலைக்கழக ஆய்வு விரிவடைந்தது. மேய்ச்சல்நில ஆய்விற் பயின்ற தாங்குதிறன் என்னும் கருத்தினை 1964இல் அலன் வாகர் பொழுதுபோக்கு நிலங்களுக்குப் பொருத்தி ஆராய்ந்தார். ஒரு நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதனை மண்ணும் புல்லும் மட்டும் தீர்மானிப்பதில்லை. மனிதர் எதனை மதிக்கின்றனர் என்பதும் தீர்மானிக்கும் என அவர் காட்டினார். 1985இல் உருவான முறையொன்று, 'எத்தனை பேர்?' என்னும் வினாவை விடுத்து, 'எத்தகைய மாற்றம் ஏற்கத்தக்கது?' என வினவலாயிற்று. இது அறிவு வளர்ச்சியே என்பதில் ஐயமில்லை.

எனினும் 'எவருக்கு ஏற்கத்தக்கது?' என்னும் வினா எஞ்சி நின்றது. யொசெமிற்றிக்கு மீண்டு வந்த பழங்குடியினர் பயணிகளுக்கு ஊழியம் புரிந்து அங்கு வாழ்ந்தனர். 1969இல் அவர்களது கடைசிக் குடியிருப்பும் அகற்றப்பட்டது. ஓய்வியல் ஆராய்ச்சிக்கெனத் தனிச் சஞ்சிகையொன்று அந்நாட்டிற் பிறந்ததும் அதே ஆண்டிலாகும். இவ்விரண்டிற்கும் காரண காரியத் தொடர்பில்லை. ஆயினும் வருவோரை எண்ணக் கற்ற ஒரு துறை, வாழ்ந்தோரை எண்ணாது விட்டமைக்கு இது தக்க சான்றாகும். மார்க் ஸ்பென்ஸ் 1999இல் வெளியிட்ட நூல், மனிதரற்ற வனாந்தரம் இயல்பாக அமைந்ததன்று, வெளியேற்றத்தால் ஆக்கப்பட்டது என்பதை விரிவாக நிறுவிற்று.

இவ்வரலாறு எமக்குப் புறம்பானதன்று. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, வேடர் பரம்பரையாக வேட்டையாடித் தேனெடுத்த காடுகள் அவர்களுக்கு மூடப்பட்டன. யானையும் காடும் காக்கப்படல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். காக்கப்படும் நிலத்தில் முன்னர் வாழ்ந்தோரின் அறிவும் உரிமையும் எங்குச் சென்றன என்பதே வினா.

பூங்கா முகாமைத்துவம் கற்கும் மாணவன் தாங்குதிறனைக் கணிக்கக் கற்குமுன், அந்நிலத்தின் பழைய பெயரையும் அப்பெயரை இட்டோர் யார் என்பதையும் கற்றல் வேண்டும். அதுவே இத்துறையின் முதற்பாடமாதல் தகும்.