வால்கட்டையில் ஒரு வரலாறு

மன்னாருக்குச் சைக்கிளில் போன பயணத்தில், எங்கட கூட்டத்திலேயே விலை கூடின சைக்கிள்தான் நடுவழியில் நிண்டது. பஞ்சரை ஒட்டியாச்சு. பெற்றோல் செட்டில் காத்துக் குழாயும் இருந்தது. ஆனா அந்த மெல்லிய வால்கட்டையில் குழாய் பொருந்தவேயில்லை. உருட்டிக்கொண்டு நடந்தோம். இந்தச் சின்னச் சாமான் ஏன் மூன்று விதமாக இருக்கிறது?

1888 இல் பெல்ஃபாஸ்ற்றில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே போன காத்து வெளியே வராமல் பிடிக்க ஒரு கதவு தேவைப்பட்டது. 1890களில் அதற்கு மூன்று விடைகள் கிடைத்தன.

முதலாவது வூட்ஸ். எங்கட அப்பப்பாமாரின் சைக்கிள்களில் இருந்தது இதுதான். துளையுள்ள கட்டைக்கு மேல் ஒரு துண்டு வால்ரியூப், அவ்வளவுதான். பம்ப் அடித்தால் ரப்பர் விலகும். பிறகு உள்ளிருக்கும் காத்தே அதை அமத்தி மூடும். இரண்டாவது, நியூயோர்க்கில் குடியேறிய ஜேர்மானியரான ஓகஸ்ட் ஷ்ரேடரின் பெயரில் வந்தது. உள்ளே ஸ்பிரிங் உண்டு. கார், மோட்டச்சைக்கிள் எல்லாம் இதைத்தான் எடுத்துக்கொண்டன. மூன்றாவது பிரான்சில் பிறந்த பிரெஸ்ரா. ஒடுக்கமானது என்பதால் ரிம்மில் சின்ன ஓட்டை போதும். மெல்லிய ரேஸ் ரிம் பலம் குறையாது.

அப்ப தூரப் பயணத்துக்கு எது? பெற்றோல் செட் இருக்கும் ஊரில் ஷ்ரேடர்தான் வசதி. ஆனா 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலே இல்லை. ஆளையும் விறகையும் நோயாளியையும் சைக்கிள்தான் சுமந்தது. அந்த நேரம் கைபம்பும் ஒரு துண்டு ரப்பரும் இருந்தால் ஓடக்கூடிய வூட்ஸ்தான் கைகொடுத்தது. 2022 இல் செட்டுகள் வெறிச்சோடியபோது எங்கட தலைமுறையும் அதில் கொஞ்சம் பார்த்தது.

அதனால் சைக்கிள் வாங்கும்போது நான் முதலில் ரிம்மின் ஓட்டையைத்தான் பார்ப்பேன். 8.5 மில்லிமீற்றர் ஓட்டையென்றால் வூட்ஸ், ஷ்ரேடர் இரண்டும் போகும். ஒரு வளையம் போட்டால் பிரெஸ்ராவும் நிற்கும். 6.5 என்றால் பிரெஸ்ரா மட்டும்தான். ஏற்கெனவே அப்படியொன்று வைத்திருந்தால், சின்னப் பித்தளை அடப்டர் ஒன்றை வால்கட்டையிலேயே பூட்டி வையுங்கோ. பையில் வைத்தால் மறந்துபோகும். நாங்கள் மறந்தோம்.