சாவை எழுதின கை

கொங்குச் சீமையில் எழவு சொல்லப் போனது யார் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒரு உசுரு போனால் அடுத்த நாழிகை வளவுக்கு ஆள் வரும். கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர், அவிநாசி என்று கவுண்டர் சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் மாதாரிதான் நடந்துபோய்ச் சொன்னார். ஊர்ச் சாவெல்லாம் நம்ம வாய் வழியாகத்தான் வெளியே போனது. எழுதின கை மட்டும் வேறு.

அது மணியக்காரர் கை. பிறப்பு இறப்புக் கணக்கு அவரிடம். வெள்ளைக்காரனுக்கு வேண்டியது காலரா எத்தனை, அம்மை எத்தனை, காய்ச்சல் எத்தனை என்கிற எண்ணிக்கை. செத்தது யார் பண்ணையத்து ஆள், எதனால் செத்தான் என்பது அவனுக்கு எதுக்கு?

இதைவிடப் பெரிய அதிகாரம் ஒன்றும் மணியக்காரருக்கு இருந்தது. 1898ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 174ஆம் பிரிவு. சந்தேகச் சாவை விசாரிக்கும் வேலையைச் சென்னை, பம்பாய் மாகாணங்களில் கிராமத் தலைவரே செய்யலாம் என்று அதில் எழுதி வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். பண்ணையாள் கிணற்றில் கிடக்கிறான். கிணறு கவுண்டருடையது. விசாரிக்கிறவர் அவருக்கு மாமனோ மச்சானோ. 'கால் தவறி விழுந்தான்' என்று ஒரு வரி போதும். பைசா செலவில்லாத விசாரணை! 1974 ஏப்ரலில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த வாசகம் போனது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியம், கணக்குப்பிள்ளை பதவிகளையே ஒழித்தது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 174இல் இன்னொரு வாசகம் அப்படியே நின்றது. பிரேத விசாரணைக்கு அக்கம்பக்கத்து 'மதிப்புக்குரிய' ஆட்கள் இரண்டு பேராவது வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தின் 194ஆம் பிரிவிலும் அதே சொல். எங்க ஊர்ப்பக்கம் மதிப்புக்குரியவர் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனிக் காசுக்கு வருவோம். 21 நாளைக்குள் பதிந்தால் கட்டணமில்லை. தாமதமானால் 2, 5, 10 ரூபாய் என்று இருந்ததை 2017இல் தமிழ்நாட்டு அரசு 100, 200, 500 ஆக்கியது. கூலிக்குப் போகிற சனம்தான் தாமதமாகப் பதிகிறது. ஆக, தண்டமும் அதற்குத்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சான்றிதழ் நகலுக்கு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு 'மரண விசாரணைக் கணக்கு' என்ற தனி நிதிக்குப் போகிறது. பிரேதப் பரிசோதனைக்கு மாவட்டங்கள் செய்யும் செலவில் ஒரு பகுதியை அதிலிருந்து திருப்பித் தருகிறார்கள். சாவுக்காக வாங்கின காசு சாவை விசாரிக்கவே போகிறது. நம்ம 1969ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தில் அப்படியொரு கணக்கு கிடையாது. அதுமட்டுமா, அதன் 17ஆம் பிரிவுப்படி பதிவேட்டிலிருந்து தரும் நகலில் மரணத்துக்கான காரணத்தைக் காட்டவே கூடாது. அந்தரங்கம் காக்க என்பார்கள். இருக்கலாம். 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து நம்ம சனம் 17 பேர் செத்தார்கள். அந்தக் காகிதத்தில் பேர் இருக்கும், தேதி இருக்கும், இடம் இருக்கும். சுவர் இருக்காது.

காரணம் வேண்டுமானால் பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குத்தான் போக வேண்டும். 2015 ஜூனில் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் கிடந்த கோகுல்ராஜின் உடல் முதலில் சந்தேகச் சாவுதான். அதைக் கொலை என்று எழுத வைக்கப் பெற்ற தாய் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. தண்டனை வந்தது 2022 மார்ச்சில்.

வன்கொடுமைச் சட்டத்தின் 2016ஆம் வருஷ விதிப்படி கொலைக்கு நிவாரணம் 8.25 லட்சம். பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். 'சீக்கிரம் எடுங்கப்பா, பொணம் நாறிரும்' என்று ஊர்ப் பெரியவர்கள் வளவுக்குள் வந்து அவசரப்படுத்தினால், எதற்கு அவசரப்படுகிறார்கள் என்று பாருங்கள்.