வீட்டைப் பார்த்து வாங்குவது: ஓர் அறிக்கையும் மூன்று பத்திரங்களும்

போன மாதம் தங்கை ஒரு பி.டி.எஃப். அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, நீதான் பழைய பத்திரம், கல்வெட்டுன்னு எதையாவது படிச்சிட்டே இருப்பியே. இதையும் படிச்சிட்டு, வீட்டை வாங்கலாமா வேணாமான்னு சொல்லு."

திருவண்ணாமலையில் மலைப்பக்கமாக ஒரு பழைய வீடு. தங்கையும் மாப்பிள்ளையும் பத்து வருடமாகச் சேர்த்த பணம், அதற்கு மேல் வங்கிக் கடன். வாங்கும் முன்பு ஒரு சிவில் இன்ஜினியரை வைத்து வீட்டைப் பரிசோதித்திருக்கிறார்கள். அவர் கொடுத்த அறிக்கைதான் அந்த பி.டி.எஃப். பதினொரு பக்கம், நாற்பது சொச்சம் படங்கள். கல்வெட்டு படிக்கிறவனுக்குக் கான்கிரீட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க இது என் வேலைதான் என்று தோன்றியது. அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு அறிக்கை, இரண்டு கேள்வி

"பேங்க்லயே ஆள் அனுப்பிப் பாத்துட்டாங்க மச்சான். அப்புறம் எதுக்கு இன்னொரு ரிப்போர்ட்னு முதல்ல யோசிச்சேன்" என்றார் மாப்பிள்ளை. நிறைய பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கியின் கேள்விக்குப் பதில் எழுதுகிறார்: கடன் நின்றுபோனால் இந்தச் சொத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா? மழையில் கூரை ஒழுகுமா, பத்து வருடத்தில் சுவர் இறங்குமா என்பது அவர் கேள்வி இல்லை. வாங்குபவரின் கேள்வி அதுதான்.

வாங்குபவருக்காக மட்டும் வீட்டைப் பார்ப்பது அமெரிக்காவில் 1970களில் தனித்தொழிலாக வளர்ந்தது. அங்கே வீட்டுப் பரிசோதகர்களுக்கான சங்கம் 1976ல் தொடங்கியது. நம் ஊரில் அது இன்னும் அப்படி வேரூன்றவில்லை. தெரிந்த இன்ஜினியரையோ மேஸ்திரியையோ கூட்டிப்போய்க் காட்டுவதுதான் வழக்கம்.

அறிக்கை சொன்னது

அறிக்கையில் முக்கியமானவை மூன்று.

ஒன்று, சமையலறை மேல்தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. இது பழைய தளங்களில் சகஜம். கம்பிக்குக் கீழே போதிய கனத்துக்கு கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அது குறைந்தால் ஈரமும் காற்றும் கம்பியை எட்டும். துரு பிடித்த கம்பி பருத்து, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். செலவு உண்டு, ஆனால் சரிசெய்யலாம்.

இரண்டு, மேற்குச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம். சுவர் பொரிந்து உப்புப் பூத்திருக்கிறது.

மூன்று, தென்மேற்கு மூலையில் ஒரு விரிசல். நேராக இல்லாமல் செங்கல் வரிசையை ஒட்டிப் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. பூச்சில் மயிரிழையாக ஓடும் விரிசல் வேறு, இது வேறு. இப்படிப் படிபடியாகப் போனால் அடித்தளத்தின் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம் என்று பொருள். இன்னும் இறங்குகிறதா என்று பார்க்க, விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டி, சில மாதம் விட்டுவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. இது பழைய முறை. இன்னும் பயன்படுகிறது.

கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: இந்த ஆய்வு கண்ணுக்குத் தெரியும் கட்டடப் பகுதிகளுக்கு மட்டும். மண், சரிவு, வடிகால், நில உரிமை இதில் அடங்கா.

மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். ஓர் அறிக்கை எதைப் பார்க்கவில்லை என்று தெரிந்தால்தான் அது பார்த்ததற்கு அர்த்தம் புரியும்.

1882ல் எழுதிய ஒரு வரி

வீட்டில் குறை இருந்தால் விற்பவர் சொல்ல வேண்டாமா? வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் விற்பவர் அதை வெளிப்படுத்த வேண்டும். ஆனால் அதோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறை இதில் சேராது.

நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாக, பழைய வீடு வாங்கும் ஒவ்வொருவர் தலையிலும் இந்த 'சாதாரணக் கவனம்' உட்கார்ந்திருக்கிறது. 2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடம் பொறுப்பு உண்டு. ஆனால் அது புதிதாகக் கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு. தங்கை பார்த்தது போன்ற ஐம்பது வருட வீட்டுக்கு 1882தான்.

அடுத்தது வில்லங்கச் சான்று. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் 'முதல் புத்தகம்' எனும் பதிவேட்டில் ஏறும். அதைத் தேடி, இந்தச் சொத்தின் மேல் இன்னின்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று எழுதித் தருவதுதான் வில்லங்கச் சான்று. பதிவாகாதது அதில் வராது. உயில்களுக்கு வேறு புத்தகம், ஆகவே உயிலும் வராது. "முப்பது வருஷ ஈ.சி. கிளீன்" என்று புரோக்கர் சொன்னது உண்மைதான். சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது என்பதைப் பதிவேடு எங்கே சொல்லப்போகிறது?

மூன்று பத்திரங்கள்

பதிவேடு சொல்லாவிட்டாலும், அதில் ஏறிய பத்திரங்கள் சொல்லலாம். மூலப்பத்திரம் 1962. அடுத்தது 1988. கடைசியாக 2007. மூன்றின் நகலையும் வாங்கிவரச் சொன்னேன்.

முதல் இரண்டிலும் மாவட்டம் 'வட ஆற்காடு' என்றிருக்கிறது. அதைப் பார்த்து மாப்பிள்ளை கொஞ்சம் பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30ல். அதற்கும் முன்னால், 1906ல் வந்த தென்னாற்காடு கெசட்டியரில் திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டுக்குள் இருக்கும். ஊர் நகரவில்லை, மாவட்ட எல்லைதான் நகர்ந்தது.

1962 பத்திரத்தில் எனக்குப் பழக்கமான வார்த்தைகள் இருந்தன. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். இந்த எட்டுக்கும் அஷ்டபோகம் என்று பேர். புதையல், பூமியில் வைத்த பொருள், தண்ணீர், கல், இப்போது வரும் பலன், இனி வரப்போகும் பலன், கைவசமானது, ஆகக்கூடியது, எல்லாமே நிலத்தோடு சேர்த்து விற்கப்படுகின்றன. விஜயநகர காலத்துச் செப்பேடுகளில் இருக்கும் வரிசை, பத்திர எழுத்தர் கைவழியாக இருபதாம் நூற்றாண்டுவரை நடந்து வந்திருக்கிறது. அதற்கும் முந்தைய சோழர்காலச் சாசனங்கள் மேல்நோக்கிய மரத்தையும் கீழ்நோக்கிய கிணற்றையும் சேர்த்துச் சொல்லும். நான்கு எல்லையையும் திசை திசையாக எழுதும்.

இவ்வளவு சொல்லும் ஆவணங்கள் சுவரைப் பற்றியோ கூரையைப் பற்றியோ பெரும்பாலும் பேசுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் சாட்சியும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்த காலத்தில் அதை எழுதத் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். நிலத்தைப் பற்றி மட்டும் கவனமாக எழுதினார்கள். இன்றைய இன்ஜினியர் அறிக்கை இதற்கு நேர் எதிர்: கட்டடத்தைப் பற்றி எல்லாம் இருக்கும், நிலத்தைப் பற்றி ஒன்றும் இருக்காது.

ஆக, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எல்லை எழுதியிருக்கும் இடத்துக்குப் போனேன். பழைய பத்திரங்களில் எல்லையைப் படிக்க ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். 'ஓடைக்குக் கிழக்கு' என்று இருந்தால் கிழக்கே ஓடை என்று அர்த்தமில்லை. மனை ஓடைக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது மனைக்கு மேற்கு எல்லைதான் ஓடை.

1962: மலையிலிருந்து வரும் ஓடைக்குக் கிழக்கு.
1988: ஓடைப் புறம்போக்குக்குக் கிழக்கு.
2007: பொது வழிக்குக் கிழக்கு.

ஓதம் இருந்தது மேற்குச் சுவரில். விரிசல் தென்மேற்கு மூலையில்.

யாரும் பொய் சொல்லவில்லை. 1962ல் தண்ணீர் ஓடியிருக்கிறது. 1988ல் அது வருவாய்த்துறைக் கணக்கில் ஒரு பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2007ல் மண் கொட்டி மேடாகி, ஆட்கள் நடக்கும் பாதையாகிவிட்டது. ஒவ்வொரு எழுத்தரும் அன்று கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்கிறார். புல வரைபடத்தின் நகலை எடுத்துப் பார்த்தோம். அதில் ஓடை இன்னும் ஓடை என்றுதான் இருக்கிறது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட நீரோடைகள் அரசின் சொத்து. தண்ணீருக்கோ சட்டமும் தெரியாது, பத்திரமும் தெரியாது. மழை பெய்தால் பழைய வழியையே தேடி வரும்.

இன்ஜினியர் ஓதத்துக்கு எழுதிய சிபாரிசு, சுவரில் நீர்த்தடுப்புப் பூச்சு. அவர் பார்த்த அளவுக்கு அது சரிதான். பத்திரங்களை அவர் பார்க்கவில்லை. பத்திரங்களைப் பார்த்த வக்கீல் சுவரைப் பார்க்கவில்லை.

கலிஃபோர்னியாவும் டிசம்பர் முதல் தேதியும்

இப்படி நடப்பது நம் ஊரில் மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஈஸ்டன் என்பவர் 1976ல் ஒரு வீடு வாங்கினார். சரியாக இறுக்காமல் மண் கொட்டி நிரப்பிய இடத்தில் கட்டிய வீடு. வாங்கிய கொஞ்ச நாளில் மண் சரிந்து வீடு பாழானது. தரை சமமாக இல்லாதது, சரிவில் வலை போட்டிருந்தது போன்ற அடையாளங்கள் விற்பனை முகவர்களின் கண்ணில் பட்டிருந்தன. 1984ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம், முகவரும் வீட்டைக் கவனமாகப் பார்த்து, தெரிந்ததை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அடுத்த வருடமே அது சட்டமானது. நம் ஊர் புரோக்கருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். விடாத மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். கிரிவலம் போகும் லட்சக்கணக்கானவர்கள் அண்ணாந்து கும்பிடும் மலை அது. அதன் அடிவாரத்தில் ஒரு வீட்டைப் பரிசோதிக்கும்போது வாசலோடு நிற்க முடியாது என்று அன்று இந்த ஊரே தெரிந்துகொண்டது. தங்கை பார்த்த வீடு அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. இருந்தாலும் ஓடை வருவது அந்த மலையிலிருந்துதான்.

முடிவாக

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் மூன்று பேரும் அந்த வீட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். 'பொது வழி'யில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "இது எப்பவும் ஓடையாச்சே கண்ணு. நாங்க இதுலதான் துணி தொவைப்போம்."

வில்லங்கச் சான்றிலும் பதினொரு பக்க அறிக்கையிலும் இல்லாத வரி அது. 1962 பத்திரத்தில் மட்டும் இருந்தது.

தங்கை அந்த வீட்டை வாங்கவில்லை. அதற்காக இன்ஜினியருக்குக் கொடுத்த பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். மேற்குச் சுவரைப் பற்றி அவர் எழுதாமல் இருந்திருந்தால் நான் மேற்கு எல்லையைத் தேடியிருக்கவே மாட்டேன். இப்போது வேறொரு வீடு பார்க்கிறார்கள். இந்த முறை மாப்பிள்ளை போனில் கேட்ட முதல் கேள்வி: "மச்சான், மூலப்பத்திரத்துல நாலு எல்லையும் என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?"

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு என் சின்ன ஆலோசனையும் அதேதான். அறிக்கையில் எந்தத் திசைச் சுவரில் குறை என்று குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பத்திரம் அத்தனையிலும் அந்தத் திசை எல்லையை வரிசையாக எழுதிப் பாருங்கள். அப்புறம் ஒரு மழை நாளில் போய், பக்கத்துத் திண்ணையில் இருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்.