தங்கால் என்னும் ஊர்: சபை வரலாற்றுக்கு முந்திய வரலாறு

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் போதகர்களுள் பெரும்பாலோர் திருத்தங்கலில் இறங்குவதில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்ற சிவகாசியின் ஒரு பகுதியாகவே அவ்வூர் இன்று எண்ணப்படுகின்றது. 2021ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சி அமைந்தபோது திருத்தங்கல் நகராட்சி அதனுடன் இணைக்கவும்பட்டது. ஆயினும் இரண்டனுள் மூத்தது திருத்தங்கலே. அவ்வூரில் ஒரு காலைப்பொழுது கால்நடையாகச் சுற்றி வருவோர்க்கு இது தானே விளங்கும்.

ஊரின் நடுவே ஒரு சிறு குன்று. நின்ற நாராயணப் பெருமாள் கோயிலும் கருநெல்லிநாதர் கோயிலும் அந்த ஒரே குன்றில் அமைந்துள்ளன. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் இது ஒன்று; பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. ஊர்ப்பெயருக்குத் திருமகள் தங்கித் தவமிருந்த இடம் என்று தலபுராணம் பொருள் சொல்லும். ‘தண்கால்’ என்னும் பழைய வழக்கோ குளிர்ந்த காற்றை அல்லது குளிர்ந்த நீர்க்காலை நினைவூட்டுகின்றது. ‘கால்’ என்னும் சொல் இரண்டுக்கும் பொருந்துமாதலால் ஒன்றை மட்டும் துணிந்து உரைத்தல் அரிது. கரிசற்பூமியின் வெயிலில் நடந்து குன்றேறிக் காற்று வாங்கியவர் முதற்பொருளையே விரும்புவர்.

சங்கத் தொகைநூல்களில் இவ்வூர் ‘தங்கால்’ எனப்படுகின்றது. தங்கால் பொற்கொல்லனார் என்னும் புலவர் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உள்ளது. கோவலனுக்குக் கேடு சூழ்ந்த பொற்கொல்லனையே அறிந்த நமக்கு, அதே தொழிலினர் ஒருவர் இச்சிற்றூரிலிருந்து புலமையால் பெயர்பெற்றமை புதுமையாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1994-95இல் இங்கு நடத்திய அகழாய்வில் நுண்கற்கருவிகளும் கருப்பு-சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. 2022 முதல் அண்மையிலுள்ள வெம்பக்கோட்டையில் வைப்பாற்றங்கரையில் நடந்த அகழாய்வுகளும், பட்டாசுத் தொழிலுக்கு உரியதென நாம் கருதும் இவ்வறண்ட நிலத்தில் மக்கள் வாழ்க்கை எத்துணைத் தொன்மையானது என்பதை மெய்ப்பித்தன.

இவ்வூரைப் பற்றிய செய்திகளுள் குருத்துவ மாணவர் கட்டாயம் அறியவேண்டியது சிலப்பதிகாரத்தில் உள்ளது. மதுரை எரியுண்டபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றது. சோழநாட்டு அந்தணனாகிய பராசரன் சேரனிடம் பெரும்பொருள் பெற்றுத் திரும்பும் வழியில் தங்காலில் அரசமரத்தடி மன்றத்தில் இளைப்பாறினான். விளையாடவந்த சிறுவரை நோக்கித் தன்னோடு ஒப்ப மறை ஓதுவோர்க்குத் தன் பொதியைத் தருவதாகச் சொன்னான். வார்த்திகன் என்பவனுடைய மகன், மழலை மாறாத வாயனாயினும், பிழையின்றி ஓதினான். பராசரன் அணிகலன்களையும் பொதியையும் அவனுக்குக் கொடுத்துச் சென்றான். அவ்வீட்டின் திடீர்ச் செல்வத்தைக் கண்டு பொறாத அரசன் ஏவலர், புதையலைக் கவர்ந்தவன் என்று பழிசுமத்தி வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். அப்பொழுது கொற்றவை கோயிலின் கதவு திறவாது நின்றது.

கதவு திறவாமை கேட்ட பாண்டியன், அதனைச் சடங்கின் குறையாகக் கொள்ளாமல், தன் ஆட்சியில் கோல் கோடியது எங்கே என்று வினவினான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்து, நிலத்தில் வீழ்ந்து பொறைவேண்டினான். மாடவீதியெங்கும் ஒலி கேட்கக் கதவு திறந்தது. அரசன் அம்மட்டில் நில்லாது, சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், வரிக்கடனை நீக்கவும், கண்டெடுத்த பொருள் கண்டவர்க்கே உரியது எனப் பறையறையவும் ஆணையிட்டான். ஒரு குடும்பத்துக்கு இழைத்த தவறு நாட்டின் சட்டத்தையே திருத்தும்படி செய்தது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி (1 இராஜாக்கள் 21) பிரசங்கிக்கும் நாம் இதனை அருகில் வைத்துப் படித்தல் தகும். ஆகாபும் தன்னைத் தாழ்த்தினான். ஆனால் நாபோத் இறந்துவிட்டான். வார்த்திகன் உயிரோடிருந்தமையால் ஈடு செய்ய முடிந்தது. கோவலனுக்கோ அதுவும் இயலாமற் போயிற்று. எரிந்துகொண்டிருக்கும் நகரில் இக்கதை சொல்லப்படுவதன் வலிமை அங்கேதான் இருக்கின்றது.

திருத்தங்கலிலிருந்து தெற்கே சிறிது தொலைவு நடந்தால் வேறொரு கதவின் வரலாறு எதிர்ப்படுகின்றது. சிவகாசி விசுவநாதசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார் சமூகத்தினர் கேட்டனர். அது மறுக்கப்பட்டுக் கோயில் மூடப்பட்டது. பகை முற்றி, 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் ஊருக்குள் புகுந்து கொள்ளையிட்டு வீடுகளைக் கொளுத்தினர். கமுதியில் 1897இல் எழுந்த நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கழுகுமலையில் தேர்வீதிகளில் ஊர்வலம் செல்ல இடம்பெறாத நாடார்களுட் சிலர் உரோமன் கத்தோலிக்க சபையிற் சேர்ந்தனர். 1895இல் அங்கும் கலகம் மூண்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோர் சிலரையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்ற பின்னரே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கலாயின. இக்கலகங்களை வெறும் சாதிச் சண்டை என்று ஒதுக்கிவிடுவோர், அன்று சபையிற் சேர்ந்தோர் எதனைத் தேடி வந்தனர் என்பதையும் அறியமாட்டார்.

இவ்வட்டாரச் சபை வரலாறுகள் பலவும் 1854ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. கேம்பிரிட்ஜில் கணிதப் புலமைக்குப் பெயர்பெற்ற ராக்லண்ட் ஐயர், ஃபென், மெடோஸ் ஆகியோருடன் வடதிருநெல்வேலியில் ஊழியத்தைத் தொடங்கிய ஆண்டு அது. அவர்கள் கூடாரமடித்து ஊர் ஊராக நடந்தனர். ராக்லண்ட் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே மரித்தார். அவருடைய தியாகத்தைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆனால் தெற்கேயிருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் செலவில் முறைவைத்து அனுப்பிய உபதேசியார்கள் அந்த ஊழியத்தில் பாதியைச் சுமந்தவர்கள்; அவர்களுடைய பெயர்கள் நம் நூற்றாண்டு மலர்களில் அரிதாகவே காணப்படுகின்றன. கூடாரம் அடிக்கப்பட்ட ஊர்களும் ‘இருளிற் கிடந்த கிராமங்கள்’ என்ற ஒரே தொடரில் அடக்கப்படுகின்றன. அந்த ‘இருளில்’ ஒரு பொற்கொல்லர் கவிபாடினார் என்பதும், தவறு செய்த அரசன் மண்ணில் வீழ்ந்த கதை அவ்வூர்ப்பெயரோடு வழங்கிற்று என்பதும் எழுதுவோர்க்குத் தெரிவதில்லை.

நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்றுநாள் தங்கி, ஒருவர்க்கும் அறிவியாமல் இரவில் இடிந்த மதில்களைச் சுற்றிப் பார்த்தபின்னரே பேசத் தொடங்கினார். சபை வரலாறு எழுதும் பணியை மேற்கொள்ளும் மாணவர்க்கு நாம் கொடுக்கும் முதற்பாடமும் அதுவே: முதல் மாதம் பதிவேடுகளைத் திறக்கவேண்டா, ஊரின் நான்கு எல்லைகளையும் நடந்து பாருங்கள். கோயில் மதிலில் உள்ள எழுத்துக்களையும், தெருப்பெயர்களையும், பழைய கிணறு யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் கேட்டறியுங்கள். அதன்பின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால், அங்குள்ள பெயர்கள் எந்தத் தெருவிலிருந்து எந்த ஆண்டில் வந்தன என்பது தெரியும்.