டக்ட் டேப்: ஓர் அம்மா அதிபருக்கு எழுதின பக் ரிப்போர்ட்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி, "எமர்ஜென்சி பையில என்னென்ன வைக்கணும்?"னு இருந்துச்சு. டார்ச், பவர் பேங்க், குளோரின் மாத்திரை எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டியல்ல சாம்பல் கலர்ல ஓர் உருளை எப்பவும் இருக்கும்: டக்ட் டேப். அது எப்படி அங்க வந்து உட்கார்ந்துச்சுன்னு தேடிப் போனா, கதை ஆரம்பிக்கிறது ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில.

வருஷம் 1943. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம், கிரீன் ரிவர் ஆயுதத் தொழிற்சாலை. வெஸ்டா ஸ்டௌட் அங்க வேலை பார்த்தாங்க. அவங்களோட ரெண்டு பசங்க கடற்படையில. ஒருத்தன் பசிபிக் பக்கம், இன்னொருத்தன் அட்லாண்டிக் பக்கம். அம்மாவோட வேலை, துப்பாக்கியிலிருந்து கிரனேடு வீசுறதுக்கான தோட்டாக்களைப் பெட்டியில அடுக்கிப் பரிசோதிக்கிறது. ஒரு பெட்டிக்கு 11 தோட்டா.

பெட்டியை மூடுற விதத்தைக் கொஞ்சம் கவனமா கேளுங்க, முழுக் கதையும் இதுலதான் இருக்கு. அட்டைப் பெட்டியோட மூடி மேல மெல்லிசான காகித டேப்பை ஒட்டுவாங்க. டேப்போட ஒரு முனையை மட்டும் ஒட்டாம, நாக்கு மாதிரி வெளிய நீட்டி விடுவாங்க. அப்புறம் ஈரம் உள்ள போகாம இருக்க, மொத்தப் பெட்டியையும் உருகின மெழுகுல முக்கி எடுப்பாங்க. சண்டை நடக்குற இடத்துல சிப்பாய் அந்த நாக்கைப் பிடிச்சு இழுத்தா டேப் உரிஞ்சு பெட்டி திறக்கணும். திட்டம் அதுதான். ஆனா நடந்தது வேற. மெழுகோட பிடி காகிதத்தோட பலத்தை விட அதிகம். இழுத்தா நாக்கு மட்டும் கையோட கிழிஞ்சு வந்துடும், டேப் அங்கேயே இருக்கும். எதிரி சுட்டுக்கிட்டு இருக்கும்போது, அந்தப் பையன் நகத்தால மெழுகைச் சுரண்டிக்கிட்டு இருக்கணும்.

வெஸ்டா இதை யோசிச்சுப் பார்த்தாங்க. காகிதத்துக்குப் பதிலா, ஈரம் புகாத கெட்டியான துணி டேப் போட்டா கிழியாதேன்னு முதல்ல தொழிற்சாலையில இருந்த அரசாங்க ஆய்வாளர்கள்கிட்ட காட்டினாங்க. "நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க எல்லாரும். ஆனா ஒண்ணும் மாறல. ஆபீஸ்ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்த "நல்லாத்தான் இருக்கு" தெரியும். டிக்கெட் திறந்தே கிடக்கும், யார் பேருக்கும் போகாது.

1943 பிப்ரவரி 10-ம் தேதி, அந்த அம்மா நேரா அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதிட்டாங்க. அந்தக் கடிதத்தோட அமைப்பைப் பாருங்க: இப்ப எப்படிப் பெட்டி மூடுறோம், எந்த இடத்துல கிழியுது, அதனால யாருக்கு என்ன ஆகும், நான் என்ன மாத்தணும்ங்கிறேன், இதோ படம். படமும் கையாலேயே வரைஞ்சிருந்தாங்க. திறக்க ஒண்ணு ரெண்டு நிமிஷம் பிடிக்கிற பெட்டியைக் கொடுத்து நம்ம பசங்களைக் கைவிடலாமாங்கிறதுதான் கேள்வி. நான் இத்தனை வருஷத்துல படிச்ச பக் ரிப்போர்ட்கள்ல இதை விடத் தெளிவா ஒண்ணு ஞாபகத்துக்கு வரல.

ரூஸ்வெல்ட் அலுவலகம் கடிதத்தைப் போர் உற்பத்தி வாரியத்துக்கு அனுப்பிச்சு. சில வாரத்துல, யோசனை ஏத்துக்கப்பட்டதுன்னு அவங்களுக்குப் பதில் வந்துச்சு. தயாரிக்கிற பொறுப்பு ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிக்குப் போச்சு. ஏன் அவங்க? காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரியை அவங்க 19-ம் நூற்றாண்டு கடைசியிலிருந்தே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. துணி மேல ரப்பர் பசை தடவுற வித்தை அவங்களுக்குப் பழக்கம். அப்படிப் பார்த்தா டக்ட் டேப்பும் பிளாஸ்திரியும் ஒரே குடும்பம்தான்.

இங்க ஒரு சின்னச் சண்டை போடணும். இணையத்துல நிறைய பேர் "டக்ட் டேப்பைக் கண்டுபிடிச்சது ஒரு அம்மா"ன்னு போடுறாங்க. உடனே சிலர் வந்து, "துணி டேப் அதுக்கு முன்னாடியே இருக்கு, கம்பெனிதான் செஞ்சுது"ன்னு திருத்துறாங்க. ரெண்டாவது ஆள் சொல்றது தகவலா சரி. அவங்க பசை ரசாயனம் எதுவும் கண்டுபிடிக்கல. ஆனா அந்தத் துணியும் பசையும் சும்மா கிடந்தப்போ, இன்னின்ன குணங்களோட ஒரு டேப் வேணும்னு தேவையை எழுதிக் கொடுத்தது யாரு? பலமா இருக்கணும், தண்ணி புகக் கூடாது, கையால சட்டுனு உரிக்க வரணும். என் கணக்குல அதுவும் பொறியியல்தான். அதுல கஷ்டமான பாதியும் அதுதான்.

ராணுவத்துல முதல்ல வந்த டேப் ஆலிவ் பச்சை. தோட்டாப் பெட்டிக்குன்னு வந்தது, ஜீப், துப்பாக்கி, கூடாரம்னு எல்லாத்துலயும் ஏறிடுச்சு. போருக்கு அப்புறம் வீடு கட்டுற வேலை சூடு பிடிச்சப்போ, சூடான காத்தும் குளிர்க் காத்தும் போற தகரக் குழாய்களை இணைக்க இதை வாங்கினாங்க. தகரத்தோட பொருந்தணும்னு கலர் வெள்ளிச் சாம்பல் ஆச்சு. அந்தக் குழாய்க்குத்தான் டக்ட்னு பேரு. "டக்"ங்கிற கெட்டிப் பருத்தித் துணியிலிருந்து வந்த பேருன்னு ஒரு கட்சி, குழாயிலிருந்து வந்ததுன்னு இன்னொரு கட்சி. சண்டை இன்னும் முடியல. நாம நகர்ந்துடலாம்.

கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா டேப்புங்கிற யோசனைக்கே சொந்தக்காரர்னு சொல்லத்தக்க ஒருத்தர் இருக்காரு: ரிச்சர்ட் ட்ரூ. பொறியியல் படிப்பைப் பாதியில விட்டவரு, பாஞ்சோ வாசிப்பாரு. 1921-ல மின்னசோட்டாவுல இருந்த 3எம் கம்பெனியில சேர்ந்தாரு. அப்போ அது உப்புத்தாள் செய்ற கம்பெனி. சாம்பிள் தாளை எடுத்துக்கிட்டு கார் பெயின்ட் அடிக்கிற பட்டறைக்குப் போனா, அங்க ஒருத்தர் கண்டபடி திட்டிக்கிட்டு இருக்காரு. ரெண்டு கலர் கார் ஃபேஷனா இருந்த காலம். ஒரு கலர் அடிச்சு, அதைக் காகிதம் ஒட்டி மறைச்சு, அடுத்த கலர் அடிக்கணும். காகிதத்தை எடுக்கும்போது பெயின்ட்டும் கூடவே வந்துடும். ட்ரூ கத்துக்கிட்டது: நல்லா ஒட்டணும், அதே சமயம் நல்லா விடணும். 1925-ல மாஸ்கிங் டேப் வந்துச்சு. நடுவுல மேலதிகாரி "உப்புத்தாள் வேலையைப் பாரு"ன்னு சொல்லியும், தன்னால கையெழுத்துப் போட முடிஞ்ச 100 டாலர் வரம்புக்குள்ள துண்டு துண்டா பில் போட்டு ஓர் இயந்திரமே வாங்கிட்டாருன்னு அந்தக் கம்பெனியே பெருமையா சொல்லிக்கிற கதை உண்டு.

1930-ல அவரே செல்லோஃபேன் டேப்பையும் கொண்டு வந்தாரு. நம்ம ஊர்ல கடைக்காரர்கிட்ட "ஒரு செல்லோ டேப் கொடுங்கண்ணே"ன்னு கேட்கிறோம்ல, அந்தச் "செல்லோ"வுக்கு வேர் இந்தச் செல்லோஃபேன்தான். ரொட்டி, இனிப்புப் பொட்டலத்தை ஒட்டத்தான் அது வந்துச்சு. ஆனா செல்லோஃபேனைச் சூட்டாலயே ஒட்டுற முறை சீக்கிரமே வந்துடுச்சு. அந்த வேலை போயிடுச்சு. டேப் செத்திருக்கணும். அப்போதான் பெருமந்தம். யார்கிட்டயும் காசு இல்ல, கிழிஞ்சதைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்க வழியில்ல. புத்தகப் பக்கம், பொம்மை, ஜன்னல் திரை, கிழிஞ்ச பண நோட்டு எல்லாத்தையும் மக்கள் அதால ஒட்டினாங்க. வீட்டு ரிப்பேருக்கு டேப்புங்கிற பழக்கமே அங்கதான் வேர் பிடிச்சது. விளம்பரத்துல வந்ததில்ல, வறுமையில வந்தது. முனை எங்கன்னு நகத்தால தடவித் தேடுற கொடுமைக்கு மட்டும் 1932 வரைக்கும் காத்திருந்தாங்க. அப்போதான் பல் வெச்ச டிஸ்பென்சர் வந்துச்சு. இன்னிக்கும் என் வீட்டுல அது இல்லைங்கிறது வேற விஷயம்.

இப்ப டக்ட் டேப்போட உடம்பைக் கொஞ்சம் பார்ப்போம். மூணு அடுக்கு. மேல பாலித்தீன், அது தண்ணியைத் தடுக்கும். நடுவுல வலை மாதிரி நூல் துணி, அது இழுவையைத் தாங்கும். அந்த நூல்கள் நேர்க்கோட்டுல ஓடுறதாலதான் கத்தி இல்லாம கையாலயே குறுக்க நேரா கிழிக்க முடியுது. கீழ கெட்டியான ரப்பர் பசை. அழுத்தினா இந்தப் பசை தேன் மாதிரி மெதுவா வழிஞ்சு, பரப்புல இருக்கிற பள்ளம் மேட்டுக்குள்ள இறங்கும். பசை நிறைய இருக்கிறதால சொரசொரப்பான சுவர், மரம், தார்ப்பாய் எல்லாத்துலயும் பிடிக்கும். அதனாலதான் ஒட்டின பிறகு நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்றாங்க. ஆனா பள்ளத்துல ஏற்கெனவே தூசி உட்கார்ந்திருந்தா? பசை தூசியைப் பிடிச்சுக்கும், சுவரைப் பிடிக்காது.

இதை ரொம்பத் தூரத்துல போய்க் கத்துக்கிட்டவர் ஜீன் செர்னன். 1972 டிசம்பர், அப்பல்லோ 17, நிலாவுல. அவரோட சுத்தியல் மாட்டி, நிலா வண்டியோட பின்பக்க மட்கார்டு உடைஞ்சு போச்சு. என்ன பெரிய விஷயம்னு தோணும். ஆனா நிலாத் தூசி கண்ணாடித் தூள் மாதிரி கூர்மை. கறுப்பா இருக்கிறதால கருவி மேல படிஞ்சா வெயில்ல சூடும் ஏறும். செர்னன் டேப் எடுத்தாரு. எல்லாத்து மேலயும் தூசி, டேப் ஒட்டவே மாட்டேங்குது. எப்படியோ ஒட்டினதும் ஓட்டத்துல கழண்டு விழுந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி ஹூஸ்டன்ல ஜான் யங் உட்கார்ந்து வேற வழி பார்த்தாரு. நாலு வரைபடத்தை, வெளிய இல்ல, கேபினுக்குள்ளயே டேப் போட்டு ஒண்ணா ஒட்டி, அதை வண்டியில விளக்கு கிளாம்பால மாட்டச் சொன்னாரு. டேப்பைத் தூசி மேல ஒட்டாம, காகிதத்தைக் காகிதத்தோட ஒட்ட மட்டும் வெச்சதுதான் சூட்சுமம். அந்த மட்கார்டு இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு.

அப்பல்லோ 13-ஐப் பத்திச் சினிமாவே வந்துடுச்சு, சுருக்கமா சொல்றேன். 1970 ஏப்ரல் 13, ஆக்சிஜன் தொட்டி வெடிச்சது. ரெண்டு பேர் ரெண்டு நாள் இருக்கிறதுக்காகக் கட்டின நிலாக் கலத்துல மூணு பேர் கிட்டத்தட்ட நாலு நாள் இருக்க வேண்டிய நிலை. ஆக்சிஜன் இருந்துச்சு, அவங்க விடுற மூச்சுல இருந்த கார்பன் டை ஆக்சைடுதான் எமனா நின்னுச்சு. அதை உறிஞ்சுற டப்பா ஒரு கலத்துல சதுரம், இன்னொண்ணுல வட்டம். தரையில எட் ஸ்மைலி தலைமையில பொறியாளர்கள், கலத்துக்குள்ள உண்மையிலேயே என்னென்ன பொருள் இருக்குங்கிற பட்டியலை வெச்சு மட்டும் வேலை செஞ்சாங்க: பிளாஸ்டிக் பை, கையேட்டு அட்டை, விண்வெளி உடையோட குழாய், சாக்ஸ், டேப். மூணு பேரும் ஏப்ரல் 17-ல கடல்ல இறங்கினாங்க. எனக்கு இதுல டேப்பை விடப் பிடிச்சது அந்தப் பட்டியல்தான். மேல என்ன இருக்குன்னு கீழ இருக்கிறவங்களுக்குச் சரியா தெரிஞ்சிருந்துச்சு.

இனி வேடிக்கையான பகுதி. 1998-ல கலிபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், டக்ட் டேப்பை டக்ட்ல ஒட்டிச் சோதிச்சுது. சூடும் குளிரும் மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. சோதிச்ச முறைகள்லயே மோசமா தோத்தது துணி டக்ட் டேப்தான். சிலது சில நாள்லயே கழண்டுச்சு. சூட்டுல ரப்பர் பசை இளகும், அப்புறம் காய்ஞ்சு இறுகும். பேர்ல இருக்கிற வேலையைத் தவிர மத்ததுக்கெல்லாம் நல்லது!

2003 பிப்ரவரியில, வெஸ்டா கடிதம் எழுதி சரியா 60 வருஷம் கழிச்சு, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் அறிவிப்பு விட்டுச்சு: ரசாயனத் தாக்குதல் வந்தா ஓர் அறையை அடைக்கிறதுக்கு பிளாஸ்டிக் ஷீட்டும் டக்ட் டேப்பும் வாங்கி வைங்க. பல கடைகள்ல அலமாரி காலி. டிவி காமெடியன்களுக்கு ஒரு மாசத்துக்குத் தீனி. கிண்டலை விடுங்க, அறிவுரை முழுசா தப்பில்ல. ஆனா முழுசா அடைச்ச அறையில குடும்பமே உட்கார்ந்தா, அப்பல்லோ 13 பிரச்சினை அப்படியே வீட்டுக்குள்ள வரும். சில மணி நேரத்துக்குத்தான் அது தாங்கும்.

இந்தக் கேள்வியைத் தொடங்கி வெச்சவங்களுக்காக: ஒரு டேப் போதாது. டக்ட் டேப் கிழிஞ்ச தார்ப்பாய், உடைஞ்ச பக்கெட், பைப் மேல தற்காலிகக் கட்டு, விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடிக்கு. கரன்ட் வயருக்கு அதைத் தொடவே தொடாதீங்க, அதுக்கு இன்சுலேஷன் டேப் இருக்கு. பழைய பருத்தி டேப்புக்குப் பதிலா 1940-கள்ல வந்த பிவிசி டேப் அது. இழுத்துச் சுத்தினா சுருங்கிப் பிடிச்சுக்கும். குழாய் மரைக்கு வெள்ளை டெஃப்லான் டேப், அதுல பசையே கிடையாது, மரை சுத்துற திசையிலேயே சுத்தணும். மூணையும் ஒரு டப்பாவுல போட்டு, சமையலறை மேல் அலமாரி, கார் டிக்கி மாதிரி சூடான இடத்துல வைக்காதீங்க. ரெண்டு கோடை தாண்டின உருளையை ஒரு தடவை உரிச்சுப் பார்த்துட்டு வைங்க. பசை விளிம்புல வழிஞ்சிருந்தா அது முடிஞ்சு போச்சு.